எந்த சாஃப்ட்வேர்ல மிக்ஸ் பண்ணது?

எங்கள் காலத்தில் கல்மண்டபத்தில் பாட்டுக்காகச் சண்டை வந்தால் காரணம் இரண்டுதான். யாருடைய பாட்டு, எவ்வளவு சத்தம். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: எந்த சாஃப்ட்வேர். என் அக்கா மகனும் அவன் கூட்டாளியும் இதற்காகக் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமலே இருந்தார்கள். அக்கா மகன் கியூபேஸ் கட்சி. கூட்டாளி ரீப்பர் கட்சி. கியூபேஸில் பண்ணினால் சவுண்டு ‘வெயிட்டா’ வருமாம். ரீப்பரில்தான் குரல் ‘முன்னாடி வந்து நிக்குமாம்’. அடுத்த தெருவில் எஃப்.எல். ஸ்டுடியோக்காரன் ஒருவன் இருக்கிறான். பெல்ஜியத்தில் 1997-இல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற விளையாட்டுப் பெயரோடு பிறந்த மென்பொருள் அது. பீட்டு என்றால் அதுதான், மற்றதெல்லாம் தண்டம் என்று அவன் இரண்டு கட்சிக்கும் பொதுவாகத் தீர்ப்பு சொல்வான்.

மூன்று பேரும் கானா ஆல்பம் பாட்டு செய்கிறவர்கள். மூன்று பேரும் அந்தப் பாட்டைக் கடைசியில் செல்போன் ஸ்பீக்கரில் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள். செல்போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. வெயிட்டு என்று அவர்கள் சொல்வதில் பெரும்பங்கு அதற்குக் கீழேதான் இருக்கிறது.

எனக்கு இதில் பேச உரிமை உண்டா என்று கேட்டால், உண்டு. 1980-களின் கடைசியில் நான் ராயபுரத்தில் ஒரு கேசட் ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்போம். வாடிக்கையாளர் ஒரு துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். அறுபதா, தொண்ணூறா என்று நாங்கள் கேட்போம். எண்ணூரில் ஷிப்ட் முடித்து வருகிற லேலண்ட் தொழிலாளி சீட்டில் பழைய சிவாஜி பாட்டு இருக்கும். காசிமேட்டு விசைப்படகில் ஏறப் போகிற பையன் சீட்டில் முழுக்க இளையராஜா இருக்கும். எல்.பி. ரெக்கார்டில் முள்ளை வைத்து, டெக்கில் சிவப்புப் பட்டனை அழுத்தி, பாட்டு முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் வேலை. காப்புரிமைச் சட்டப்படி அதற்கு வேறு பெயர் இருந்தது. இன்றைக்கு என் அக்கா மகனிடம் ‘கிராக் பண்ண சாஃப்ட்வேர் போடாதே, திருட்டுடா’ என்று நான் நீதி சொல்லும்போது, அந்தத் துண்டுச்சீட்டுகள் அவனுக்குத் தெரியாது என்பது ஒரு வசதி.

அந்தக் காலத்தில் பெட்டி மாறினால் சவுண்டு மாறும். உண்மையாகவே மாறும். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ஸ்டுடியோவில் பெரிய சுருள் நாடா 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியதை நினைத்தால், எங்கள் நாடா ஊர்ந்தது என்றே சொல்ல வேண்டும். நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத அந்த நாடாவில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு தடம். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அது ஒரு மயிரிழை சாய்ந்தால் ஜால்ரா சத்தம் காணாமல் போகும், ஷெனாய் சளி பிடித்துக்கொண்டு ஒலிக்கும். கடலுக்கு அருகில் கடை, உப்புக்காற்று, ஹெட்டில் துரு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்துக்கு ‘ஹை ஸ்பீட் டப்பிங்’ போட்டால் மேல்சத்தம் கொஞ்சம் தேய்ந்துதான் வரும். ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று மூன்றாம் தலைமுறை காப்பியில் பாடகருக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருக்கும்.

நாடாவும் அப்படித்தான். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜார் எங்களுக்கு நடக்கிற தூரம். அங்கே டி.டி.கே., சோனி என்று வாங்கி வருவோம். உறை டி.டி.கே.யாக இருக்கும், உள்ளே இருக்கும் நாடா யார் பெற்ற பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. இரைச்சலைக் குறைக்கும் டால்பி போட்டுப் பதிந்த கேசட்டை டால்பி இல்லாத பெட்டியில் ஓட்டினால் மேல்சத்தம் கூடுதலாகக் கீச்சிடும். அது கோளாறு. அதைத்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் ‘கிளியரா கீது’ என்று பாராட்டினார்கள்.

இவ்வளவு மாறியும் எங்கள் கடைக்கு வந்து ‘எந்த டெக்குல பதிஞ்சீங்க’ என்று யாரும் கேட்டது எனக்கு நினைவில்லை. புகார்கள் இரண்டு வகை. சவுண்டு பத்தல. சைடு முடியற எடத்துல பாட்டு அறுந்துபோச்சு. இரண்டாவது புகாருக்கு பாயிடம் பதில் கிடையாது. முதலாவதற்கு உண்டு. வால்யூமைக் கூட்டி வைத்து மறுபடி ஓட்டிக் காட்டுவார். “இப்ப எப்டி?” “இப்ப சூப்பர் பாய்.” ஒலிப் பொறியியலின் ஆக முக்கியமான பாடத்தை நான் அந்த மேசைக்குப் பின்னால் நின்றுதான் கற்றேன்: கொஞ்சம் சத்தமாக இருப்பதை மனுஷக் காது ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும்.

மைக் செட்டுக்காரர்களிடம் இன்னொரு பாடம் கிடைத்தது. ராயபுரத்துக்கு ஒலிபெருக்கி புதிதல்ல. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான். அந்தக் கூட்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். மைக் எந்தக் கம்பெனி, ஆம்ப்ளிஃபயர் எந்தக் கம்பெனி என்று எழுதி நான் பார்த்ததில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது இரண்டு தெருக்காரர்கள் குழாய் ஸ்பீக்கரை எதிரெதிராகத் திருப்பி வைப்பார்கள். போட்டி அகூஜாவுக்கும் இன்னொரு கம்பெனிக்கும் அல்ல, மாரியம்மனுக்கும் அங்காளம்மனுக்கும். பாக்ஸ் ஸ்பீக்கர் வந்த பிறகு, அவசரத்தில் ஒரு பையன் ஒரு பாக்ஸின் பிளஸ் மைனஸை மாற்றிச் செருகிவிட்டால், இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு டிரம்ஸின் அடிச்சத்தம் மாயமாகிவிடும். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். தள்ளலும் இழுவையும் சேர்ந்தால் பூஜ்யம். ‘ஃபேஸ் மாத்திட்டான் பாரு’ என்று கத்திக்கொண்டே மேஸ்திரி ஓடுவார். இந்த ஞானம் எனக்குப் பல வருஷம் கழித்து இந்தச் சண்டையில்தான் பயன்பட்டது.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஏ.ஆர். ரகுமான் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவை அமைத்தார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. அந்தக் கேசட் எங்கள் தெருவில் நுழைந்த நாளில் பாயின் ஒற்றை ஸ்பீக்கரே ஏதோ வேறு ஸ்பீக்கர் மாதிரி ஆகிவிட்டது. அதே நாடா, அதே துருப்பிடித்த ஹெட், அதே உப்புக்காற்று. மாறியிருந்தது பாட்டைக் கட்டிய விதமும், ஒவ்வொரு ஒலிக்கும் இடம் ஒதுக்கிய விதமும். ரகுமானின் பாட்டுகளைப் பதிந்த எச். ஸ்ரீதர் என்கிற ஒலிப்பதிவாளரின் பெயரை நாங்கள் தெரிந்துகொண்டதே அவர் 2008-இல் காலமான பிறகுதான். இன்றைய பையன்களுக்கு ஸ்ரீதர் பெயர் தெரியாது. ரகுமான் லாஜிக் மென்பொருள் பயன்படுத்துகிறார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்த லாஜிக்கை உருவாக்கிய ஜெர்மன் கம்பெனியை 2002-இல் ஆப்பிள் வாங்கியது, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. ஆகவே லாஜிக்கைக் கம்ப்யூட்டரில் போட மேக் வேண்டும். மேக் வேண்டுமென்றால் ஈ.எம்.ஐ. வேண்டும். ரகுமானின் சவுண்டுக்கான முதல் படி தவணை கட்டுவது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

அக்கா வீட்டு மொட்டைமாடி அறைதான் ஸ்டுடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறான். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியின் மேல்நுனியைக் கொஞ்சம் மழுக்கும். வெளிச்சத்தத்தை ஒரு துளியும் தடுக்காது. இதை நான் சொன்னபோது, “யூடியூப்ல எல்லாரும் ஒட்றாங்க மாமா” என்று பதில் வந்தது. மேலே பேச ஏது?

அன்றைக்கு இருவரும் ஒரே பாட்டின் தடங்களை எடுத்து, ஒருவன் கியூபேஸிலும் இன்னொருவன் ரீப்பரிலும் போட்டு, எஃபெக்ட் எதுவும் இல்லாமல், ஃபேடரைத் தொடாமல், மிக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார்கள். என்னை நடுவராக உட்கார வைத்தார்கள்.

“கேளு மாமா. இது கியூபேஸ். வெயிட்டு தெரிதா?”

தெரிந்தது.

“இது ரீப்பர்ணா. குரல் பாருங்க, எப்டி முன்னாடி நிக்குது.”

நின்றது. பொய்யில்லை. இரண்டும் வேறுவேறாகத்தான் ஒலித்தன.

“ரெண்டையும் ஒண்ணா போடு. ஒண்ணுக்கு ஃபேஸ் பட்டனை அமுக்கு” என்றேன். பாக்ஸில் பிளஸ் மைனஸை மாற்றிச் செருகுகிற அதே வேலைதான், இங்கே ஒரு கிளிக்கில் நடக்கும். இரண்டு கோப்பும் ஒன்றே என்றால் ஒன்றை ஒன்று தின்றுவிட வேண்டும். மிஞ்சுவதுதான் வித்தியாசம்.

கீபோர்டு தடம் சுத்தமாகக் காணாமல் போனது. குரலும் டோலக்கும் மட்டும் பாதிச் சத்தத்தில் மிஞ்சின. பையன்கள் இருவரும் ஒரே நேரத்தில் ‘பாத்தியா’ என்றார்கள், ஒருவனைப் பார்த்து ஒருவன்.

ஆனால் மிஞ்சியவற்றைக் கவனிக்க வேண்டும். கீபோர்டு ஸ்டீரியோ தடம். குரலும் டோலக்கும் மோனோ, நடுவில் வைக்கப்பட்டவை. நடுவில் இருக்கும் மோனோ ஒலி இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்ந்து வருவதால் சத்தம் கூடிவிடும். அதனால் சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே 3 டெசிபெல் குறைத்துக் கொடுக்கும். சில குறைக்காமல் விடும். பான் லா என்பது இதுதான். கியூபேஸில் வழக்கமான அமைப்பு குறைப்பது, ரீப்பரில் வழக்கமான அமைப்பு குறைக்காமல் விடுவது. ஆகவே ரீப்பரில் குரல் முன்னால் நின்றது. கியூபேஸில் குரல் பின்வாங்கியதால் கீபோர்டின் பேஸ் பெரிதாகத் தெரிந்து ‘வெயிட்டு’ வந்தது. இரண்டு பையன்களின் காதும் சரி. இரண்டு பேர் சொன்ன காரணமும் தப்பு.

இந்த அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். கியூபேஸில் பூஜ்யம் என்று மாற்றச் சொன்னேன். மறுபடி மிக்ஸ், மறுபடி ஃபேஸ் பட்டன். சத்தமே இல்லை. மீட்டர் எழவில்லை. கடைசிப் பிட்டில் ஒரு தூசு இருந்திருக்கலாம், காதுக்கு அது எட்டாது. அக்கா மகன் ஹெட்போன் ஜாக்கைக் கழற்றிச் செருகிப் பார்த்தான். மறுபடியும் செருகிப் பார்த்தான்.

“என்னடா?”

“கனெக்‌ஷன் பூட்ச்சு போல மாமா.”

கனெக்‌ஷன் போகவில்லை. மிக்ஸ் பண்ணுவது என்றால் உள்ளே நடப்பது கூட்டல். ஒவ்வொரு தடத்தையும் ஒரு எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நொடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ இதைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிற ஆயா மனக்கணக்காகக் கூட்டினாலும், சூப்பர் மார்க்கெட்டில் மெஷின் கூட்டினாலும் 340-ம் 125-ம் 465தான். ஆயாவின் 465 சூடாகவும் மெஷினின் 465 குளிர்ச்சியாகவும் இருப்பதில்லை.

பையன்கள் சும்மா விடவில்லை. ‘அது 64 பிட்டு, இது 32 பிட்டு’ என்று வந்தார்கள். இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. தொடக்க காலக் கருவிகள் சில முழு எண் கணக்கில் ஓடின. அவற்றில் ஒலியை வெகுவாகத் தாழ்த்திவிட்டு மறுபடி உயர்த்தினால் கீழ்ப் பிட்டுகள் போனது போனதுதான். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல் என்பது கணக்கு. 16 பிட்டு சி.டி.க்கு 96 டெசிபெல், 24 பிட்டுக்கு 144. இன்றைய மென்பொருள்கள் உள்ளே மிதவைப் புள்ளிக் கணக்கில் ஓடுகின்றன. ரீப்பர் 64 பிட்டில் கூட்டும். கியூபேஸிலும் 2017-இல் வந்த 9.5 பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. 32-க்கும் 64-க்கும் வித்தியாசம் தோன்றுகிற இடம் முழுச் சத்தத்துக்கு 140 டெசிபெல் அளவுக்குக் கீழே. அந்த வித்தியாசத்தைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும், பிறகு துறைமுகத்தை நிறுத்த வேண்டும்.

துறைமுகத்தைச் சும்மா சொல்லவில்லை. அக்கா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காக வரிசை கட்டி நிற்கும். இந்தப் பையன்கள் பதிந்த குரலைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். கானாக்காரன் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு ஏர் ஹாரன். சரணத்துக்கு முன்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தம், அதுவும் தாளத்தில் இல்லை. அடியில் டீசல் உறுமல் ஒரு தம்புராவைப் போல விடாமல். இதைத்தான் ‘வெயிட்டு’ என்று எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

மென்பொருள் சவுண்டைத் தொடவே தொடாது என்று நான் சொல்ல வரவில்லை. தொடும் இடங்கள் உண்டு, யாரும் சண்டை போடாத இடங்கள் அவை. செல்போனில் பதிந்த குரல் பெரும்பாலும் 48,000 கணக்கில் இருக்கும். அதை 44,100 கணக்கில் ஓடுகிற பாட்டுக்குள் மாற்றாமல் போட்டால் பாடகர் மெதுவாக, ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் கீழே பாடுவார். காய்ச்சல்காரர் பாடுகிறார் என்று நினைத்துக்கொள்ளலாம். மாற்றித் தருகிற கணக்கும் எல்லா மென்பொருளிலும் ஒரே தரம் அல்ல. டோலக் லூப்பைப் பாட்டின் வேகத்துக்கு இழுத்தால் அடியின் முனை கரையும். இழுக்கிற முறை ஒவ்வொன்றிலும் வேறு. சில மென்பொருள்கள் நாம் கேட்காமலே இழுத்து வைக்கும். கடைசியில் எம்.பி.3 ஆக்கும்போது 128 கே.பி.பி.எஸ்.-இல் வைத்துவிட்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றினால், பாயின் மூன்றாம் தலைமுறை காப்பி இன்னொரு வேஷத்தில் திரும்ப வந்துவிடும். நாடாவில் மழை பெய்தது, இதில் ஜால்ரா தண்ணீருக்குள் கேட்கும்.

ஆட்டோ டியூன் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், கோபம் வருவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1997-இல் அதைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன் பூமிக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று நில அதிர்வலைகளை வைத்துக் கணக்குப் போட்டவர். மணலி சுத்திகரிப்பு ஆலைப் புகையைச் சுவாசிக்கிற எங்களுக்கு எண்ணெயோடு இப்படியும் ஓர் உறவு. கானாவில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போவதில்தான் அழுகையும் கிண்டலும் இருக்கின்றன. சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவர்கள் அதை வைத்துத்தான் கூட்டத்தை உட்கார வைத்தார்கள். அந்தச் சறுக்கலைப் படிக்கட்டாக வெட்டிவிட்டு, கியூபேஸா ரீப்பரா என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

சத்தப் போட்டியும் ஒழியவில்லை. லிமிட்டரை அழுத்தி அழுத்தி, அலைவடிவம் செங்கல் மாதிரி ஆகும்வரை ஏற்றுகிறார்கள். யூடியூப் அதை அளந்து பார்த்து, மைனஸ் 14 என்கிற தன் அளவுக்கு மேலே போனால் பேசாமல் இறக்கிவிடுகிறது. சத்தம் போச்சு, அழுத்தியதால் வந்த நசுங்கல் மட்டும் மிச்சம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் மைக் செட்டை நிறுத்தப் போலீஸ் வரும். அவரிடமாவது ‘இன்னும் ஒரே ஒரு சாமி பாட்டு சார்’ என்று கெஞ்சலாம்.

அன்றைக்குச் சோதனை முடிந்ததும் இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். கட்சிகள் கலைந்துவிட்டன என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனபோது அக்கா மகன் சொன்னான்: “நீ சொன்னது கரெக்ட்டுதான் மாமா. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஃபீல் வேற.”

அந்த ஃபீலுக்காக அவன் இப்போது மேக் வாங்கப் போகிறான், லாஜிக் போட. தவணைக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறான். போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஒரு நிபந்தனையோடு. முதல் தவணைக்கு ஆகிற பணத்தை முதலில் அந்த அறைக்குச் செலவழிக்க வேண்டும். கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை, ஜன்னலுக்குக் கனமான அடைப்பு, மைக்குக்குப் பின்னால் இரண்டு பழைய மெத்தை. பதிவை லாரி வரிசை குறைகிற நேரம் பார்த்து வைத்துக்கொள்ளலாம். மாடி ஸ்டுடியோ வைத்திருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். இரண்டு மிக்ஸை ஒப்பிடும்போது முதலில் வால்யூமைச் சமமாக வையுங்கள், பிறகு சண்டை போடுங்கள்.